ஏறாத உயரத்திலிருந்து விழுதல்

'கணித்தல்' என்ற சொல்லைத் தமிழ் இரண்டு வேலைகளுக்கு வைத்திருக்கிறது. எண்ணிக் கூட்டிப் பார்ப்பதும் கணித்தல். வரப்போவதை முன்கூட்டிச் சொல்வதும் கணித்தல். 'மதிப்பு' என்ற சொல்லும் அப்படித்தான். பொருளின் விலைக்கும் அதுதான், மனிதருக்குத் தரும் மரியாதைக்கும் அதுதான். தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு இந்த இரட்டைப் பொருள் புதிதில்லை. ஆனால் ஓர் இளைஞனை அளந்து, கூட்டி, விலை சொல்லி, அவன் எதிர்காலத்தையும் சொல்லிவிட்டு, இவை அத்தனையையும் அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நம்புகிற ஓர் ஏற்பாட்டை முழுசாகப் பார்த்தது அமெரிக்காவில்தான். அங்குள்ள தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் டிராஃப்ட் அது.

ஒரு பருவம் தமிழ் கற்பிக்க அங்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். ஏப்ரல் வந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் வேற்றுமை உருபுகளுக்குக் கொடுக்காத கவனத்தை ஒரு பட்டியலுக்குக் கொடுத்தார்கள். முதல் சுற்றில் எந்த அணி யாரை எடுக்கும்? 32 இடங்கள், 32 பெயர்கள். மாக் டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். ஒரு மாணவி தன் அப்பாவோடு பந்தயம் கட்டிக்கொண்டு தினமும் அதை அடித்துத் திருத்துவாள். ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றும் பாதிதான் தெரியும். பட்டியலின் விதிகளை அவள் எனக்கு நன்றாகவே புரியவைத்துவிட்டாள்.

கல்லூரி அணிகளில் ஆடியவர்களை 32 அணிகளும் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். போன ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு. மொத்தம் ஏழு சுற்று. முதல் சுற்றுக்கு மட்டும் தனியாக ஓர் இரவு, ஒரு திருவிழா. 2024இல் டெட்ராய்ட் நகரத்தில் ஏழரை லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். அங்கே ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. பெயர்கள் வாசிக்கப்படுவதைக் கேட்க வந்த கூட்டம் அது. தோற்றவர்களுக்கு முதலில் கொடுக்கும் அந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும், நம்பிக்கையை இத்தனை பேர் சேர்ந்து கொண்டாடுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதை எடுத்தாலும் முகம் சுளிக்கிற கட்டுரையாக இதை எழுத எனக்கு விருப்பமில்லை.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரி 8ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. யோசனை ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல்லுடையது. பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை அள்ளிக்கொண்டு போனதால் அவர் அணி தேறவே இல்லை. பலகையில் 90 பெயர்கள் எழுதிப்போட்டார்கள். முதல் பெயர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். டிராஃப்டின் வரலாறே 'நான் வரவில்லை' என்ற பதிலில்தான் தொடங்குகிறது. எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடிக்கும்.

வரவில்லை என்று சொல்லலாம். வேறோர் அணிக்குப் போகிறேன் என்று சொல்ல முடியாது. எடுத்த அணியோடுதான் பேசவேண்டும். 1968இல் முதல் சுற்றில் வாஷிங்டன் அணி எடுத்த ஜேம்ஸ் ஸ்மித், யாசூ ஸ்மித் என்பார்கள், முதல் பருவத்திலேயே கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தை விட்டார். பேரம் பேசும் உரிமை இருந்திருந்தால் காயத்துக்கு எதிரான பாதுகாப்போடு ஒப்பந்தம் வாங்கியிருப்பேன் என்பது அவர் வாதம். டிராஃப்ட் என்ற முறையையே நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1976இல் அது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. பிறகு ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் நிழலில் அதே முறை மறுபடி உட்கார்ந்துகொண்டது. முதல் சுற்றில் இடம்பிடித்த ஒருவர்தான் முதல் சுற்று என்பதே கூடாது என்று கேட்டவர். இந்தப் பெயரை வகுப்பில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

கணிப்பதற்கு முன்னால் அளக்கவேண்டும். அதற்கு இண்டியானாபொலிஸ் நகரத்தில் கம்பைன் என்றொரு முகாம். 40 கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், 225 பவுண்டு எடையை எத்தனை முறை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான். கையின் நீளம். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை விரித்த உள்ளங்கையின் அகலம். 2022இல் கென்னி பிக்கெட் என்ற குவார்ட்டர்பேக்கின் கை எட்டரை அங்குலம்தான் என்று வாரக்கணக்கில் பேசினார்கள். அவரை முதல் சுற்றில் 20ஆவது இடத்தில் பிட்ஸ்பர்க் அணி எடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் ஜோ பர்ரோவுக்கு ஒன்பது அங்குலம் என்று அளந்தபோது, இத்தனை சின்னக் கையோடு எப்படிப் பந்தைப் பிடிப்பது, ஓய்வு பெற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன் என்ற பொருளில் அவரே கிண்டலாக எழுதினார். அந்த ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் அவர்தான்.

இந்த இடத்தில் வாசகிகளுக்கு எது நினைவுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். நடந்து காட்டச் சொன்னதும், பாடச் சொன்னதும், நிறத்தையும் உயரத்தையும் பற்றி முன்னறையில் பேசிக்கொண்டதும். அந்த ஒப்புமையை நான் நீட்டப்போவதில்லை. இந்த இளைஞர்கள் விரும்பி வருகிறார்கள். வென்றால் கோடிகள் கிடைக்கின்றன. கம்பைனை அடிமை ஏலத்தோடு ஒப்பிட்டு 2021இல் காலின் கேப்பர்னிக் ஒரு தொடரில் காட்டியபோது எழுந்த எதிர்ப்பும் இதையேதான் சொன்னது: விரும்பி வருபவனும் சம்பளம் வாங்குபவனும் அடிமையா? இல்லைதான். ஆனால் அவர் காட்டியது சம்பளத்தை அல்ல, பார்வையை. அளக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், உரிமையாளர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர் என்ற காட்சியில், ஒரு கை இன்னொருவனின் தோளைத் தொட்டுப் பார்க்கும்போது அதற்குப் பழைய பழக்கம் ஒன்று இருக்கிறது. சம்பளம் அந்தப் பழக்கத்தை அழித்துவிடாது. மூளைக்காயங்களுக்காக ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களோடு செய்துகொண்ட இழப்பீட்டு ஒப்பந்தத்தில், கறுப்பினத்தவரின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக் கணக்கிடும் முறை 2021வரை இருந்தது. அந்த ஆண்டுதான் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். அளவு எங்கே முடிந்து பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று அந்த ஒப்பந்தத்தைப் படிக்கும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நான் நின்று பார்க்க விரும்புவது அளப்பவரையல்ல, கணிப்பவரை. அளக்கிற அணி தன் பணத்தைப் போடுகிறது. பிழைத்தால் நட்டம் அதற்கு. வெளியிலிருந்து பட்டியல் போடுகிறவருக்கு நட்டமே இல்லை. 1984 முதல் தொலைக்காட்சியில் இதையே தொழிலாகச் செய்கிறவர் மெல் கைப்பர். இன்று அவரைப்போல ஆயிரக்கணக்கானோர். இவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? 'இவன் நல்ல ஆட்டக்காரன்' என்றா? இல்லை. 'இவனை நல்ல ஆட்டக்காரன் என்று அவர்கள் நினைப்பார்கள்' என்று. முதல் வாக்கியத்துக்குச் சொன்னவர் பொறுப்பு. இரண்டாவது வாக்கியத்துக்குப் பொறுப்பாளி யாரும் இல்லை. நான் என்ன செய்ய, அவர்கள் மனதில் இருந்ததைத்தானே சொன்னேன்?

பொருளியல் படித்தவர்களுக்குக் கெயின்ஸ் சொன்ன அழகுப் போட்டி தெரிந்திருக்கும். நாளிதழ் நூறு முகங்களின் படத்தைப் போடுகிறது. அவற்றில் ஆறு அழகிய முகங்களைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பெரும்பாலோரின் தேர்வோடு யாருடைய தேர்வு ஒத்துப்போகிறதோ அவருக்குப் பரிசு. அப்படியானால் எனக்கு அழகாய்த் தெரியும் முகத்தை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். மற்றவர்கள் எதைத் தேர்வார்கள் என்று பார்ப்பேன். அவர்களும் அப்படியே பார்ப்பார்கள். பங்குச்சந்தையை விளக்க அவர் சொன்ன உவமை இது. அந்தப் புத்தகம் வெளிவந்தது 1936 பிப்ரவரி 4ஆம் தேதி; ஃபிலடெல்ஃபியா ஹோட்டலில் பலகை மாட்டப்பட்டது அதற்கு நான்கு நாள் கழித்து. தற்செயல்தான். ஆனாலும் இந்த உவமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ வகுப்புகளில் இதை விளக்கியிருப்பார்கள். அந்த நூறு முகங்களைப் பற்றி ஏதாவது வகுப்பில் பேச்சு வந்திருக்குமா? போட்டியின் உச்சத்தில் நிலைமை என்ன? ஆயிரக்கணக்கானோர் படத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள், ஒருவர்கூட முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்தவர் கண்ணைத்தான் பார்க்கிறார்கள். அழகி என்று சொல்லப்பட்டவளும், இல்லை என்று ஒதுக்கப்பட்டவளும் யாராலும் பார்க்கப்படாமலேயே தீர்ப்பு வாங்குகிறார்கள்.

2005இல் ஆரன் ராட்ஜர்ஸ் முதல் ஆளாக எடுக்கப்படக்கூடும் என்றார்கள். அழைக்கப்பட்டவர்கள் காத்திருக்கும் அறையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். 23 பெயர்கள் வாசிக்கப்படும்வரை மணிக்கணக்கில் கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. 24ஆவதாக கிரீன் பே எடுத்தது. 2025இல் ஷெடூர் சாண்டர்ஸை முதல் சுற்றில் வைத்துப் பல பட்டியல்கள் இருந்தன. ஐந்தாம் சுற்றில் 144ஆவது ஆளாகப் போனார். இதை அங்கே 'சரிவு' என்கிறார்கள். எங்கிருந்து சரிந்தார்? ராட்ஜர்ஸ் ஒருநாளும் முதல் இடத்தில் இருந்ததில்லை. அந்த இடம் வேறு சிலர் தாளில் எழுதிக்கொண்ட இடம். 24ஆவதாக எடுக்கப்படுவார் என்று எல்லோரும் எழுதியிருந்தால் அந்த இரவு அவருக்குக் கொண்டாட்டம். எழுதிய கணிப்பு பொய்த்ததும், பொய்த்தது கணிப்பு என்று சொல்லவில்லை. சரிந்தவன் இவன் என்றார்கள். ஒருவரை அவர் ஏறாத உயரத்தில் நம் மனதுக்குள் ஏற்றிவைத்துவிட்டு, அங்கே இல்லையே என்று அவரையே குறைசொல்வது வீடுகளில் நாம் தினமும் பார்ப்பதுதான். இங்கே அதற்கு நேரடி ஒளிபரப்பு உண்டு.

வெறும் மனவருத்தம் என்றும் தள்ளிவிட முடியாது. 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறான் என்பதே முதல் சம்பளத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இடம் இறங்கினால் பணம் இறங்கும். பட்டியல்களும் வதந்திகளும் அணிகளின் காதுக்குப் போகாமல் இருக்குமா? நாளை மழை வரும் என்று சொல்வதை மேகம் கேட்பதில்லை. நாளை இவன் இறங்குவான் என்று சொல்வதை எல்லோரும் கேட்கிறார்கள்.

(இடத்தையும் பணத்தையும் பற்றிப் பேசும்போது ஒரு சின்னக் கணக்கு. 2024இல் ஆண்கள் கால்பந்தின் முதல் தேர்வு கேலப் வில்லியம்ஸ். நான்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.9 கோடி டாலர். அதே ஏப்ரலில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் தேர்வு கெய்ட்லின் கிளார்க். அணி கொடுத்த முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். இருவருமே முதலில் போவார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் கணித்திருப்பார்கள். மேலே போகிறேன்.)

பட்டியல் போடுகிறவர்களிடம் 'குணம்' என்றொரு பத்தி உண்டு. ஓட்டம், உயரம், எடை இவற்றோடு ஆளின் நடத்தையும் ஒரு கணக்கு. அதற்காக அணிகள் நேர்காணல் செய்யும். 2010இல் டெஸ் பிரையன்ட்டிடம் மயாமி அணியின் மேலாளர், உன் அம்மா பாலியல் தொழில் செய்தாளா என்று கேட்டார். விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். 2020இல் டீ ஹிக்கின்ஸ் எடுக்கப்பட்ட நேரத்தில், அவர் அம்மா 16 ஆண்டுகள் போதைப் பழக்கத்தோடு போராடினார் என்பதைத் தொலைக்காட்சி அவருடைய உயரம், எடையைப்போல ஓர் எழுத்துப் பட்டையாகத் திரையில் போட்டது. அந்தப் பெண் மீண்டு எழுந்ததை எழுதாமல் விட்டதற்காகப் பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். மகனின் வேகத்தைக் கணிக்க அம்மாவின் கடந்தகாலம் எதற்கு? அம்மா இங்கே ஒரு மனுஷி இல்லை. சரக்கு எந்த மண்ணில் விளைந்தது என்ற குறிப்பு. மகன் வென்றால் அதே அம்மா மேடையில் கட்டிப்பிடிக்கப்படும் கண்ணீர்க் காட்சி. இரண்டுமே அவளைக் கேட்டுச் செய்யப்படுவதில்லை.

அதே பத்தியில் இன்னும் என்னென்ன விழுகின்றன என்று பாருங்கள். ஜோ மிக்ஸன் 2014இல் கல்லூரி மாணவராக இருந்தபோது ஓர் உணவகத்தில் ஒரு பெண்ணின் முகத்தில் குத்தினார். அவளுக்கு முக எலும்புகள் முறிந்தன. அந்தக் காணொளி 2016 டிசம்பரில் வெளியானது. 2017இல் கம்பைனுக்கு அவரை அழைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் 48ஆவதாக சின்சினாட்டி எடுத்தது. டைரீக் ஹில், கருவுற்றிருந்த தன் தோழியின் கழுத்தை நெரித்துத் தாக்கியதாக 2015இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். 2016இல் ஐந்தாம் சுற்றில் 165ஆவதாக கேன்சஸ் சிட்டி எடுத்தது. மிசூரி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சாம் தன் மண்டலத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். யாரையும் அடிக்கவில்லை. 2014 பிப்ரவரியில் தான் ஓர் ஆணை நேசிப்பவன் என்று சொன்னார். அவருடைய மதிப்பு இறங்கும் என்று பெயர் சொல்லாத அணி நிர்வாகிகள் பத்திரிகையிடம் சொன்னார்கள். கடைசிச் சுற்றில் 249ஆவதாக எடுக்கப்பட்டபோது அவர் அழுதுகொண்டே தன் காதலனை முத்தமிட்டதைத் தொலைக்காட்சி காட்டியது.

அடித்ததும் நேசித்ததும் ஒரே பத்தியில். கணிப்பவருக்கு இரண்டுமே ஒன்றுதான்: இடத்தை இறக்கும் காரணி. மிக்ஸனையும் சாமையும் ஆட்டத் திறமையில் ஒப்பிடும் தகுதி எனக்கில்லை, அது என் வேலையும் இல்லை. நான் கேட்பது பத்தியைப் பற்றி. 'இவன் ஒரு பெண்ணை அடித்தான், அதனால் இரண்டாம் சுற்றுக்கு இறங்குவான்' என்ற வாக்கியம் பொய்யில்லை. சரியான கணிப்பாகவே இருக்கலாம். அந்த வாக்கியத்துக்குள் அவள் என்னவாக இருக்கிறாள்? அவள் வலி அவனுடைய தள்ளுபடி. பழத்தில் இருக்கும் அடிபட்ட இடத்தைக் காட்டி விலை குறைப்பதுபோல. வாங்குகிற அணி உண்மையிலேயே மலிவாக வாங்கியதாக மகிழும். அவன் நன்றாக ஆடிவிட்டால், அவனைத் தவறவிட்ட அணிகளை அறிவில்லாதவை என்று அதே கணிப்பாளர்கள் அடுத்த ஆண்டு எழுதுவார்கள். அப்போது அவள் காரணியாகக்கூட இருக்கமாட்டாள்.

எதிர்காலத் தேர்வுகளே காசாகவும் புழங்குகின்றன. 1990களின் தொடக்கத்தில் டாலஸ் அணி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பெண் அட்டவணை போட்டது. முதல் இடத்துக்கு 3,000. 2022இல் கிளீவ்லாண்ட் அணி மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்து டிஷான் வாட்சனை வாங்கி, 23 கோடி டாலரை முழு உறுதியோடு ஒப்பந்தமிட்டது. உடற்பிடிப்புத் தொழில் செய்யும் பெண்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் அவர்மீது பாலியல் அத்துமீறல் வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. அவர் மறுத்தார், குற்றவியல் வழக்கு பதியப்படவில்லை, பிறகு என்.எஃப்.எல். 11 ஆட்டங்கள் தடை விதித்தது. இன்னும் பெயர் தெரியாத மூன்று இளைஞர்களைக் கொடுத்து அவரை வாங்கியபோது பலருக்கு இருந்த கவலை, மூன்று என்பது அதிகமா என்பதே.

இத்தனைக்கும் கணிப்பு பலிக்கிறதா? 2000இல் 199ஆவதாக எடுக்கப்பட்டவர் டாம் பிரேடி. 2022இல் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டே ஆண்டில் தன் அணியை இறுதிப்போட்டிக்கு அழைத்துப்போனார். கடைசியாக எடுக்கப்படுபவருக்கு 'பொருட்படுத்தத் தேவையில்லாதவர்' என்ற பொருளில் ஒரு பட்டமே உண்டு. கேட் மேசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் பல ஆண்டுத் தேர்வுகளை ஆராய்ந்தார்கள். ஒரே வகை ஆட்டத்தில் முன்னால் எடுக்கப்பட்டவர் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடத் தேறுவது நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று கண்டார்கள். இதைச் சொன்னால் மாணவி சிரிப்பாள்: அதனால்தானே டீச்சர் விளையாட்டாக இருக்கிறது! பிழைபடுவதைக் காட்டிக் கணிப்பைக் கண்டிப்பது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். நூற்றுக்கு நூறு பலிக்கிற பட்டியல் ஒன்று வந்தால் நிலைமை இன்னும் மோசம். அப்போது பெர்வாங்கர்போல வரவில்லை என்று சொல்பவனுக்கும் இடமில்லை, 262ஆவது ஆளுக்கும் இடமில்லை.

பெண்கள் அந்த மேசையில் உட்கார்ந்தால் மாறுமா என்றும் கேட்பார்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியில் செயலாளராகச் சேர்ந்த கோனி கார்பர்க் 1976இலேயே ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட் ஆனார்; என்.எஃப்.எல்.லின் முதல் பெண். மார்க் காஸ்டினோ என்ற பெயர்பெற்ற ஆட்டக்காரரை அணி கண்டெடுத்ததில் அவருக்குப் பங்குண்டு. அவர் திறமையை மறுக்க முடியாது. ஆனால் பத்திகள் ஏற்கெனவே போடப்பட்ட தாளில் யார் நிரப்பினாலும் அதே பத்திகளைத்தான் நிரப்பவேண்டும்.

எந்தப் பட்டியலிலும் இல்லாத பத்தி ஒன்று உண்டு. அதைப் பெண்கள்தான் நிரப்பினார்கள். ஜான் மேக்கி 1963இல் இரண்டாம் சுற்றில் பால்டிமோர் அணிக்குப் போனவர். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து அணி மாறும் உரிமைக்காக வழக்கு நடத்தி வென்றவர். அறுபது வயதைத் தொடும் முன்பே அவருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. முதலில் கவனித்தது மனைவி சில்வியா. விமான நிலையச் சோதனையில் விரலில் இருந்த சூப்பர் பவுல் மோதிரத்தைக் கழற்றச் சொன்னபோது அவர் கொந்தளித்துப் போனார். ஏன் என்பதைக் காவலர்களுக்குச் சில்வியாதான் விளக்க வேண்டியிருந்தது. மருத்துவக் காப்பீட்டுக்காக ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு விமானப் பணிப்பெண் வேலைக்குப் போனார். 2006இல் என்.எஃப்.எல். தலைமைக்கு அவர் எழுதிய கடிதத்தின் பலனாக, மறதிநோய் வந்த முன்னாள் ஆட்டக்காரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர்வரை தரும் திட்டம் வந்தது. 88 என்பது ஜானின் சட்டை எண்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் நோய்க்கூறு வல்லுநர் ஆன் மக்கீ குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பங்கள் கொடையாகத் தந்த 111 என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110இல் தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் கொடுத்திருக்கும் என்பதால் இதை எல்லோருக்குமான விகிதமாகப் பார்க்கக்கூடாது என்று அவர்களே எச்சரித்தார்கள். கம்பைன் அளவுகளைப் பார்த்துக் கணிப்பவர்கள் இத்தனை நேர்மையாகத் தங்கள் எண்ணைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒவ்வொரு மூளைக்குப் பின்னாலும் குடும்பத்தில் ஒருவர் நெடுநேரம் தொலைபேசியில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்: கோபம் எப்போது தொடங்கியது, வழி எப்போது தவறியது, சாவியை எங்கே வைத்தார், பிள்ளையின் பெயரை எந்த ஆண்டு மறந்தார். அந்தப் பதில்களைச் சொன்னவர்களில் மனைவிகள் எத்தனையோ பேர். ஜான் மேக்கி 2011 ஜூலையில் இறந்தார். அவர் மூளையும் பாஸ்டனுக்குப் போனது.